பினாங்கில் இரண்டு பெண்களுக்கு ஒரு வீடு

பினாங்குக்கு நான் ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. உளவு பார்க்க அனுப்பப்பட்டேன் என்பதுதான் சரி. அனுப்பியவன் என் தம்பி அந்தோணி. அவன் மகள் ஜெனிட்டா அங்கே சிப் சோதிக்கிற தொழிற்சாலை ஒன்றில் பொறியாளர். கம்பெனி கொடுத்த விடுதி டிசம்பரோடு முடிகிறது. அதற்குள் தெரிந்த மனிதர்கள் வீட்டில், நாலு குடும்பம் இருக்கிற இடத்தில் ஒரு போர்ஷன் அமைந்தால் அவள் வேலையில் தொடரலாம். அமையாவிட்டால் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுத் தூத்துக்குடிக்கு வந்து சேர வேண்டும். இது தம்பியின் தீர்ப்பு.

அவனுக்கு விமானம் என்றால் பயம். எனக்கோ வங்கியில் ஓய்வு கொடுத்த பிறகு பொழுது போகவில்லை. வீடு சரி என்று நான் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அவன் மறுபேச்சுப் பேச மாட்டான். சின்ன வயதில் நான் வைத்த குட்டு அப்படி.

ஜார்ஜ் டவுனில் இறங்கிய மத்தியானமே ஜெனிட்டா என்னைக் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைப் பக்கம் ஒரு நாசி கண்டார் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். சோறு வாங்கிக்கொண்டு, கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற கறி, மீன், கணவாய் என்று விரலை நீட்டிக் காட்ட வேண்டும். கரண்டி பிடித்திருந்தவர் தமிழ் முஸ்லிம். என் சேலையைப் பார்த்ததும், "அக்கா ஊர்லேர்ந்தா? கொழம்பெல்லாம் கலந்து ஊத்தவா, தனியாவா?" என்று கேட்டார்.

தனியாக என்றேன். அவர் முகத்தில் என் மேல் ஒரு பரிதாபம் வந்தது. "கலந்துதான் லா சாப்டணும், அக்கா" என்று அந்த ஊர் 'லா'வையும் சேர்த்துச் சொல்லி, என் பதிலுக்குக் காத்திராமல் நாலைந்து குழம்புகளை ஒன்றன் மேல் ஒன்றாக ஊற்றிவிட்டார். எங்கள் வீட்டில் மீன் குழம்புச் சோற்றில் பருப்பு பட்டாலே அம்மா தட்டை மாற்றச் சொல்வாள். இங்கே தட்டில் ஒரே வெள்ளம். ஆனால் பொய் சொல்லக் கூடாது, ருசி பிரமாதம். விரல் நக்கிச் சாப்பிட்டேன்.

அந்தச் சாலையில் பள்ளிவாசல் ஒன்று, நடந்தால் சீனக் கோவில், இன்னும் நடந்தால் பழைய தேவாலயம், பக்கத்துத் தெருவில் மாரியம்மன். ஊதுவத்திப் புகைக்குள் நடந்துகொண்டே பாங்கு கேட்கலாம். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. முன்னால் ஒரு வழிகாட்டி வெள்ளைக்காரக் கூட்டம் ஒன்றுக்கு, "இங்கே நாங்கள் எல்லோரும் அண்ணன் தம்பிகள்" என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு போனார்.

"அண்ணன் தம்பிங்கதான் அத்தை. அதான் தனித்தனி வீடு" என்றாள் ஜெனிட்டா. அப்போது அவளுக்கு வாய் நீளம் என்று மட்டும் நினைத்தேன்.

மறுநாள் ஒரு வீடு பார்ப்பதாக ஏற்பாடு. அதற்கு முன் அவள் கைப்பேசியில் வாடகை விளம்பரங்களைக் காட்டினாள். அறையின் படம், வாடகை அந்த ஊர்ப் பணத்தில் இத்தனை வெள்ளி, குளிர்சாதனம் உண்டு, அதற்குக் கீழே கூசாமல் "சீனர் மட்டும்". இன்னொன்றில் "மலாய்ப் பெண்கள் மட்டும்". தரகருக்குச் செய்தி அனுப்பினால் வருகிற முதல் கேள்வியே என்ன இனம் என்பதுதானாம். வேலை என்ன, சம்பளம் என்ன எல்லாம் பிறகு.

எனக்குச் சென்னைக்கு மாற்றலாகிப் போன காலம் ஞாபகம் வந்தது. மயிலாப்பூரில் ஒரு வீட்டுக்காரர் தூத்துக்குடி என்று கேட்டதுமே மூக்கைச் சுளித்தார், நான் என்னமோ கைப்பையில் கருவாடு கொண்டு வந்த மாதிரி. ஆனால் அவர் தண்ணீர் வரத்து சரியில்லை என்று ஒரு சாக்குச் சொன்னார். இங்கே சாக்கு கிடையாது, எழுதியே போட்டுவிடுகிறார்கள். எது மேல் என்று இன்னமும் எனக்குத் தீர்மானமாகச் சொல்லத் தெரியவில்லை.

பார்க்கப் போனது ஆயர் ஈத்தாம் பக்கம் ஒரு மாடிப் போர்ஷன். ஜெனிட்டா வேலையில் ஒரு மணி நேரம் மாட்டிக்கொண்டதால், நான் தனியாக வந்து சேர்ந்துவிடுகிறேன் என்று பெரிய மனுஷியாகச் சொன்னேன். இலவசப் பேருந்து ஒன்று வந்தது. இலவசம் என்றால் நம் கால் சும்மா இருக்குமா? ஏறி உட்கார்ந்துவிட்டேன். அது ஜார்ஜ் டவுனைச் சுற்றி, கடைத்தெருவைச் சுற்றி, நான் ஏறிய படகுத்துறைக்கே என்னைக் கொண்டுவந்து இறக்கியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மலாய்ப் பாட்டி என் முழியைப் பார்த்து விஷயத்தைப் புரிந்துகொண்டு, என் கையைப் பிடித்து அழைத்துப் போய்ச் சரியான பேருந்தில் ஏற்றிவிட்டுத்தான் போனார். அந்த ஊரில் தெருவில் யாரும் யாரையும் கைவிடுவதில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வீட்டுக்காரர் லிம் டீச்சர். ஓய்வு பெற்ற சீன ஆசிரியை, கீழ்த்தளத்தில் தனியாக இருக்கிறார். கடலுக்கு அக்கரையில் புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் மேரி அக்கா மூலம் வந்த சம்பந்தம் இது. மேரி அக்கா, ஜெனிட்டா ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசையில் பழகிய தமிழ்க் கத்தோலிக்கர். லிம் டீச்சரோடு ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர். ஜெனிட்டாவும் வந்து சேர்ந்தாள். டீச்சர் தேநீர் கொடுத்தார், ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார், மாடியில் ஒவ்வொரு குழாயையும் திறந்து காட்டினார். எனக்கு மூட்டுவலிக்கு ஒரு தைலமும் சொன்னார். குடும்பங்கள் இருக்கிற தெரு, தெரிந்த மனுஷி. என் கணக்கில் வீடு முடிந்துவிட்டது.

வாசலில் நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது ஜெனிட்டா டீச்சரிடம் தாழ்ந்த குரலில் என்னமோ சொன்னாள். திரும்பிப் பார்த்தேன். டீச்சர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார், ஆனால் சிரிப்பு முன்னே இருந்த இடத்தில் இல்லை. சாயங்காலம் செய்தி வந்தது: மன்னிக்கவும், வேறு இடம் பாருங்கள்.

எனக்கு வந்ததே கோபம். ஆரஞ்சை உரித்துக் கையில் கொடுத்துவிட்டு இந்தியர் என்பதற்காக வீடு இல்லை என்கிறாளே என்று அன்று இரவுச் சாப்பாடு வரைக்கும் பொரிந்து தள்ளினேன். சீனர்கள், நாகரிகம், அந்த வழிகாட்டியின் அண்ணன் தம்பிப் பேச்சு என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. ஜெனிட்டா நூடுல்ஸைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் அவள் விடுதிக்குப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. அறைக் கதவைத் திறந்தது ஒரு நைஜீரியப் பெண். நல்ல உயரம், தலையில் மஞ்சள் துணி கட்டியிருந்தாள். "ஆன்ட்டி" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். பெயர் பிளெஸ்ஸிங். ஜெனிட்டாவோடு ஒரே பிரிவில் வேலை, ஒரே அறை. மின்சார அடுப்பில் தக்காளிச் சோறு மாதிரி சிவப்பாக ஒன்று கொதித்துக்கொண்டிருந்தது. உறைப்பு நம் ஊர் உறைப்புக்குக் குறைவில்லை.

அவள் குளிக்கப் போன நேரத்தில் ஜெனிட்டா சொன்னாள். "லிம் டீச்சர் என்னை வேண்டாங்கல அத்தை. நான் ரெண்டு பேருக்குக் கேட்டேன். கூட இருக்கப் போறவ பிளெஸ்ஸிங்னு சொன்னதும்தான் முடியாதுன்னுட்டாங்க. இதுக்கு முன்னாடி ரெண்டு வீட்டுலயும் இதே கதைதான். நான் மட்டும்னா சரின்னாங்க."

உள்ளதைச் சொல்கிறேன். எனக்கு முதலில் வந்தது நிம்மதி. நம்மை ஒதுக்கவில்லை. அடுத்து வந்தது எரிச்சல். "ஏட்டி, வீடு கையில இருக்கு, விட்டுட்டு நிக்கியா? உங்கப்பன் டிக்கெட் போட்டுருவான். அவளுக்கு அவ ஊர்க்காரங்க யாராச்சும் இருக்க மாட்டாங்களா?"

"இருக்காங்க. கோலாலம்பூர்ல."

அப்படி என்ன பிளெஸ்ஸிங் உனக்குச் செய்துவிட்டாள் என்று கேட்டேன். காய்ச்சலில் கிடந்தபோது பார்த்துக்கொண்டாளா, பணம் கொடுத்தாளா, ஆபத்தில் உதவினாளா? எனக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது.

"ஒண்ணும் பண்ணல அத்தை. ரெண்டு பேரும் ஒரே நாள்ல வேலைக்குச் சேந்தோம். ரெண்டு பேருக்கும் சோறு பிடிக்கும்" என்றாள் ஜெனிட்டா.

பிறகு கேண்டீன் கதையைச் சொன்னாள். காலையில் திரையில் ஆறு நாட்டுக்காரர்கள் உட்கார்ந்து ஒரே சிப்பைப் பற்றிப் பேசுவார்களாம். ஒருவருக்கொருவர் பிறந்தநாள் வாழ்த்து வேறு. பன்னிரண்டரை அடித்தால் சீனர் மேசை, மலாய் மேசை, தமிழர் மேசை, ஜெர்மன்காரர் மேசை. யாரும் யாரையும் விரட்டுவதில்லை, நீயாகவே உன் மேசைக்குப் போய்விட வேண்டும். தமிழர் மேசையில் இவளை "இந்தியாக்காரப் பொண்ணு" என்றார்களாம். அவர்கள் பேச்சில் பாதி இவளுக்குப் புரியாது. ஓரத்தில் ஒரு மேசை மிச்சமிருந்தது. அங்கே பிளெஸ்ஸிங் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

இன்னொரு வீடும் இருக்கிறது என்று ஜெனிட்டா தயங்கிச் சொன்னாள். தொழிற்சாலைக்குப் பக்கத்தில் அடுக்குமாடி, சொந்தக்காரர் மெல்போர்னில். இரண்டு பேருடைய வேலை ஒப்பந்தத்தையும் அனுப்பினால் போதும், வேறு ஒன்றும் கேட்க மாட்டாராம். ஆனால் தெரிந்த மனிதர் வீடு என்ற அப்பாவின் நிபந்தனைக்கு அது எப்படிப் பொருந்தும்? எப்படியாவது லிம் டீச்சரிடம் ஜெனிட்டாவுக்கு மட்டுமாவது பேசி முடிக்க வேண்டும் என்றுதான் மனசுக்குள் ஓடியது.

அதற்கு வாய்ப்பு கிறிஸ்துமஸ் அன்று வரப்போகிறது என்று தெரிந்தது. மலேசியாவில் திறந்த வீடு என்று ஒரு வழக்கம் உண்டு. பண்டிகை யாருடையதோ, அவர் அன்றைக்கு வாசல் கதவைத் திறந்து வைத்துவிடுவார். இனம், மதம், அழைப்பு, முன்பின் பழக்கம் ஒன்றும் வேண்டாம், யாரும் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகலாம். மேரி அக்கா வீட்டில் வருடா வருடம் உண்டு. லிம் டீச்சரும் தவறாமல் வருவாராம்.

நாங்கள் மூவரும் படகில் கடலைக் கடந்தோம். கூட்டம் நிறைய, சிலர் நின்றுகொண்டு வந்தார்கள். பிளெஸ்ஸிங் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள், அவள் பக்கத்து இடம் மட்டும் அப்படியே காலியாக இருந்தது. ஜெனிட்டா கம்பியோரம் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் நானும் நின்றுதான் பார்த்தேன். அப்புறம் போய் உட்கார்ந்தேன். "கால் வலிக்கிறதா ஆன்ட்டி?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். தூரத்தில், அக்கரையில் பிறை என்கிற ஊரின் தொழிற்சாலைப் புகைபோக்கிகள் தெரிந்தன.

புக்கிட் மெர்தாஜாமில் முதலில் பூசை. தமிழ்ப் பூசை முடிந்து நாங்கள் வெளியே வர, சீனப் பூசைக்கு வந்தவர்கள் உள்ளே போனார்கள். குடில் ஒன்றுதான், குழந்தை இயேசுவும் ஒருவர்தான், பூசை மட்டும் முறைவைத்து நடக்கிறது. எங்கள் பக்கம் ஒரே மொழி பேசுகிறவர்களே சாதி பார்த்துக் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவில் சுவர் எழுப்பிக்கொண்ட கதை உண்டு. அதனால் இதில் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மேரி அக்கா வீட்டில் கூட்டம் வாசல்வரை நின்றது. ஹலால் கோழி தனி மேசையில், மாமிசம் சாப்பிடாதவர்களுக்குத் தனி மேசை, பன்றிக்கறி சமையலறையின் பின்பக்கம் மூடி போட்டு. யாரும் சங்கடப்படக் கூடாதென்று அந்த அம்மாள் பார்த்துப் பார்த்துச் செய்திருந்தார். "வாங்க வாங்க, கூச்சப்படாம சாப்டுங்க லா" என்று பிளெஸ்ஸிங்கின் தட்டில் ஆட்டுக்கறியைக் குவித்தார். லிம் டீச்சர் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, தலைத்துணியை எப்படிக் கட்டுவது என்று கேட்டுத் தன் தலையிலும் கட்டிப் பார்த்துக்கொண்டார். பிள்ளைகள் கேட்டதும் பிளெஸ்ஸிங் அவள் மொழியில் ஒரு பாட்டுப் பாடினாள். டீச்சர் கண்ணைத் துடைத்ததை நானே பார்த்தேன்.

இதுதான் நேரம் என்று டீச்சரைச் சமையலறைக்கு ஓரங்கட்டினேன். ஜெனிட்டாவுக்கு மட்டும் கேட்கத்தான் போனேன். வாயைத் திறந்தால் வந்தது வேறு. "இந்தப் பெண்ணை உங்களுக்குப் பிடித்திருக்கிறதே, டீச்சர்?" என்று கேட்டேன்.

"மிகவும் நல்ல பெண்" என்றார் டீச்சர். கையில் வீட்டுக்குக் கொண்டுபோக மேரி அக்கா கட்டிக்கொடுத்த கறிப் பொட்டலம். "ஆனால் சாப்பாடு வேறு, வீடு வேறு. அக்கம்பக்கத்தில் பேசுவார்கள். என் மகன் சம்மதிக்க மாட்டான். நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது."

மேரி அக்கா அடுப்பைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். அவராவது எங்களுக்காகப் பேசுவார் என்று பார்த்தேன். "டீச்சர் சொல்றதுலயும் ஞாயம் இருக்கு லா" என்றார். "என் வீட்லயே பின்னாடி ரூம் கோசோங்காதான் கெடக்கு, ஆள் இல்ல. ஃபேக்டரி பஸ் முச்சந்திலயே நிக்குது. ஜெனி மட்டும்னா இன்னிக்கே வான்னு அப்பவே சொன்னேன். ரெண்டு பேரும்னா எனக்குப் பயமா இருக்கு. நம்ம தாமான்ல எல்லாரும் என்னைத்தான் கேப்பாங்க."

தாமான் என்றால் குடியிருப்பு. இந்த அறை விஷயத்தையும் என்னிடம் ஜெனிட்டா சொல்லவில்லை. ஆள் தெரிந்த வீடு, தமிழ் வீடு, கத்தோலிக்க வீடு, தம்பி கனவிலும் கேட்காத அளவுக்குப் பொருத்தமான வீடு. அதையும் விட்டிருக்கிறாள்.

எனக்கு மேரி அக்கா மேல் கோபம் வரவில்லை. பன்றிக்கறிக்கு மூடி போட்டு வைத்தவர் அவர். அந்த நாட்டில் யார் யார் என்ன சாப்பிட மாட்டார்கள் என்று எல்லோருக்கும் மனப்பாடம், அதை மதிக்கவும் தெரியும். அது சின்ன விஷயமில்லை, நம்மிடம் இல்லாதது. இதைச் சமைக்காதே என்று ஒரு வீட்டுக்காரர் சொன்னால் சமைக்காமல் இருந்துவிடலாம். நீயாக இருக்காதே என்றால் பிளெஸ்ஸிங் என்னதான் செய்வாள்? கூடத்துக்கு வந்தேன். அவள் தட்டில் இருந்த எலும்பைக் கடித்துக்கொண்டு யாரோ ஒரு குழந்தைக்குத் தலைத்துணி கட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே நடந்தது அவளுக்குத் தெரியும். என்னைப் பார்த்ததுமே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஜெனி, அந்த மெல்போர்ன்காரன் வீட்டை நாளைக்குப் பாப்போம்" என்றேன்.

பார்த்தோம். பதின்மூன்றாம் மாடி, இரண்டு அறை, காற்று பிய்த்துக்கொண்டு போகிறது. எதிர் வீட்டில் ஒரு தமிழ் முஸ்லிம் குடும்பம், பக்கத்தில் ஜப்பான்காரர், கீழே காவலுக்கு ஆள். நாலு குடும்பம் என்ற கணக்கு சரியாக வந்தது. சொந்தக்காரர் இரண்டு ஒப்பந்தங்களையும் கைப்பேசியில் பார்த்துச் சரி என்று ஒரு வார்த்தை அனுப்பினார், அவ்வளவுதான். எங்கள் முகத்தையே பார்க்காதவருக்கு எங்கள் மேல் ஆட்சேபம் ஒன்றும் இல்லை. அதை நினைத்துச் சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று எனக்குப் புரியவில்லை.

மிச்சமிருந்தது தம்பி. அறைகலன் இல்லாத கூடத்தில் மூன்று பேரும் தரையில் உட்கார்ந்தோம். போன் போட்டேன். வீடு அருமை, பத்திரமான இடம், நானே பார்த்தேன் என்றேன். வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார் என்றதும் கொஞ்சம் முணுமுணுத்தான். நான் ஒரு அதட்டல் போட்டேன், அடங்கினான்.

"கூடத் தங்குத பிள்ளை யாருக்கா?"

ஜெனிட்டா என்னையே பார்த்தாள்.

"நம்ம ஆளுதான்" என்றேன்.

"அப்பச் சரி" என்று வைத்துவிட்டான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு வார்த்தையில் கடலைத் தாண்டிவிட்டேன் என்று நினைத்தேன். என்ன பேசினேன் என்று பிளெஸ்ஸிங் கேட்க, ஜெனிட்டா மொழிபெயர்த்துச் சொன்னாள். பிளெஸ்ஸிங் சிரிக்கவில்லை.

"அவருக்கு நான் எப்படி இருப்பேன் என்று தெரியுமா, ஆன்ட்டி?"

தெரியாது என்றேன்.

"அப்படியென்றால் இந்த வீட்டிலும் நான் ஒளிந்துதான் இருக்க வேண்டும். ஜெனியின் அப்பா ஒரு நாள் வீடியோவில் கூப்பிடுவார். அப்போது நான் குளியலறைக்குள் நிற்க வேண்டுமா?" கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப் போய்ச் சொன்னாள். "படம் அனுப்புங்கள். அவர் வேண்டாம் என்றால் இப்போதே சொல்லட்டும்."

பெருமையெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஜெனிட்டாவின் வேலை, என் வார்த்தைக்குத் தம்பி கொடுக்கிற மதிப்பு எல்லாம் அந்தப் படத்தோடு போய்விடலாம். ஜெனிட்டாவைப் பார்த்தேன். "அனுப்புங்க அத்தை" என்றாள். அவர்கள் இருவரையும் ஜன்னலோரம் சேர்த்து நிறுத்தி எடுத்தேன். பிளெஸ்ஸிங் தலைத்துணியைச் சரி செய்துகொண்டாள். அனுப்பினேன்.

இரண்டு கோடும் நீலமாயின. பதில் இல்லை. என்னமோ எழுதுகிறான், நிறுத்துகிறான், மறுபடி எழுதுகிறான். ஜெனிட்டா நகத்தைக் கடித்தாள். பிறகு போனே அடித்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

"அக்கா."

"சொல்லு."

"இந்தப் பிள்ளை ஆர்.சி.யா, பெந்தெகொஸ்தேயா?"

அதைக் கேட்க எனக்கே தோன்றவில்லை. பிளெஸ்ஸிங்கிடம் கேட்டேன். அவள் சொன்னாள். "பெந்தெகொஸ்தேயாம்" என்றேன்.

தூத்துக்குடியிலிருந்து ஒரு நீண்ட பெருமூச்சு வந்தது.

"பெந்தெகொஸ்தேயா" என்றான். "சரி, இருந்துட்டுப் போட்டும். ஆனா ஞாயித்துக்கிழமை ஜெனி நம்ம கோயிலுக்குத்தான் போகணும். அந்தப் பிள்ளைட்ட இப்பவே கண்டிஷனாச் சொல்லிரு."